தொண்டையில் இருந்தவர்

அடுத்த காம்பராவில் இருப்பவள்தான் முதலில் கேட்டாள். காலையில் பீலியடியில் தண்ணீருக்கு நின்றுகொண்டிருந்தோம்.

“ஏங்கக்கா, வீட்டுக்கு யாரு வந்திருக்கா?”

யாரும் இல்லை என்று தலையாட்டினேன்.

“ஆம்பள சத்தம் கேட்டுச்சே. மறைக்காதீங்கக்கா. நான் என்னா தொரைகிட்டயா போயி சொல்லப்போறேன்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “வரட்டுமே, ஒத்தையில எத்தன நாளைக்குக் கெடக்குறது” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. “போங்கடி, வேலையப் பாருங்க” என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. பீலியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை.

அது என் குரல் இல்லை. செத்துப்போன என் வீட்டுக்காரரின் குரல்.

அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பீடி, நெஞ்சுச் சளி. கடைசி இரண்டு வருஷம் தொண்டை கட்டியே இருந்தது. தகரத்தைத் தரையில் இழுப்பது போல் பேசுவார். கொஸ்லந்தைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பரா. நடுச்சுவர் எதுவும் கூரைவரை போகாது. அவர் எனக்கு ஏசினால் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். அவர் குரல் தெரியாத ஆள் அங்கே இல்லை. அடிப்பார். அடிக்காத நாளும் உண்டு. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

குரல் ஒரே நாளில் மாறவில்லை. பனிக்காலத்தில் தொண்டை கட்டியது என்று நினைத்தேன். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். பனி போனது, கட்டு போகவில்லை. முகம் ஊதியது. காலையில் இமை கனத்தது. வெயிலில் எல்லாரும் வியர்த்து நிற்பார்கள், எனக்குக் குளிரும். அவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனேன். கண்ணாடியில் பார்த்தால் புருவத்தின் ஓரம் இல்லை. யாரோ அழித்துவிட்ட மாதிரி இருந்தது. தோல் காய்ந்து செதில் உதிர்ந்தது. அவரும் கடைசியில் குளிருது, குளிருது என்று சொல்லித்தான் செத்தார். அது எனக்கு ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் மலையில் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தோம். எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒரு செடியில் கை வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் யாரும் இல்லை. பனிமூட்டம் இறங்கி முன்னால் இருந்த செடிகூடத் தெரியவில்லை. என் கையில் இரண்டே கொழுந்து. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பகல்தான், ஆனால் காலையா மத்தியானமா என்று சொல்ல முடியவில்லை. அப்போது மூட்டத்துக்குள் ஒரு ஆள் குரல் கேட்டது. பெண்களைக் கூப்பிடுகிறது. “ஏய், எங்கடி போனீங்க?” என்கிறது. அவர் குரல். பயந்து வாயைப் பொத்தினேன். குரல் நின்றது. அப்புறம்தான் தெரிந்தது, கூப்பிட்டது நான்.

எல்லாரும் இரண்டு நிரை தள்ளிப் போயிருந்தார்கள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கேட்காமல் இல்லை.

மகள் விஷயம் அந்த மாதம்தான் நடந்தது. எனக்கு ஒரே மகள். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மருமகன் கொழும்பில் கடை வேலை. மகள் மாமியாரோடு இருந்தாள்.

என்னிடம் இருந்த போன் அவருடையது. நம்பரும் அதே நம்பர். மகள் தன் போனில் அதை ‘அப்பா’ என்று போட்டு வைத்திருந்தாள். அவர் செத்த பிறகும் மாற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. எடுத்தேன்.

“ஹலோ.”

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

“ஹலோ. யாரு?”

மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு அலறல். போன் கீழே விழுந்த சத்தம். நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மா பேசினார். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

“ஒங்க மக முழுகாம இருக்கா. ரெண்டு மாசம். அதச் சொல்லத்தான் அன்னைக்குப் போன் எடுத்திருக்கா. எடுத்தவ மயங்கி விழுந்துட்டா. அங்கன என்னமோ நடமாட்டம்னு இங்க வரைக்கும் கேள்வி. வயித்துப்புள்ளக்காரி. அது வெலகுற வரைக்கும் நீங்க வரவும் வேணாம், அவ பேசவும் வேணாம். பிரசவத்த நாங்களே பாத்துக்குறோம். கோவிச்சுக்காதீங்க.”

எங்களில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வருவோம். பிள்ளை பிறந்து, தாய்க்குப் பத்திய மருந்தான காயம் அரைத்துக் கொடுத்து, தேற்றித்தான் திருப்பி அனுப்புவோம். அழைத்து வராத தாயைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசுவது எனக்குப் பெரிசு இல்லை. மகளுக்கு இந்த உலகத்தில் தாய் வீடு என்று இருப்பது நான் ஒருத்தி. அந்த வீட்டில் அவள் பயப்படுகிற ஆள் இருக்கிறார். என் தொண்டையில் இருக்கிறார். அவர் போக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான்.

அடுத்த காம்பராக்காரிதான் பூசாரியை ஏற்பாடு செய்தாள். கீழ் டிவிஷன் ஆள். வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் தோட்டத்து எல்லையில் இருக்கும் முனி கல்லுக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பூசாரியின் தம்பி உடுக்கை அடித்தான். பூசாரி வேப்பிலையால் என் முகத்தில் அடித்தார். எனக்கு வலிக்கவில்லை. ஊதிய முகத்தில் அடி விழுவது தூரத்தில் யாருக்கோ விழுவது போல் இருந்தது.

“யாரு நீ? சொல்லு!”

பதில் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. வார்த்தை வர நேரம் எடுத்தது. அப்போதெல்லாம் எனக்கு எல்லாமே அப்படித்தான். கிணற்றில் இருந்து இழுக்க வேண்டும்.

“நான்தான்” என்றேன்.

பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

“நான்தான்னா யாரு? எதுக்கு வந்த?”

காற்று அடித்தது. கோட்டை அங்கே கழற்றி வைத்திருந்தார்கள்.

“குளிருது” என்றேன்.

ஒருத்தி சத்தமாக அழ ஆரம்பித்தாள். அவர் சாகும்போது பக்கத்தில் இருந்தவள். “அண்ணந்தான், அதே சொல்லு” என்றாள்.

உச்சி மயிரைப் பிடித்து முடிச்சுப் போட்டு, அறுத்து, மரத்தில் ஆணி அடிக்க வேண்டும். அதுதான் முறை. பூசாரி என் உச்சியில் ஒரு கைப்பிடி மயிரைப் பிடித்தார். கத்தி இன்னும் தம்பியின் இடுப்பில்தான் இருந்தது. மயிர் அவர் கையோடு வந்துவிட்டது. இழுக்கவே இல்லை. வேரோடு, முழுப்பிடியும். அவர் தன் கையைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். உடுக்கை அடித்துக்கொண்டிருந்த தம்பி நிறுத்திவிட்டான்.

“அண்ணே, நீங்க இன்னும் அறுக்கலையே” என்றான்.

பூசாரி அந்த மயிரைச் சவுக்கு மரத்தில் வைத்து ஆணி அடித்தார். மூன்று அடி குறி தவறியது. “போயிட்டான்” என்று சொல்லிவிட்டு, முனிக்கு அறுத்த சேவலைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

போகவில்லை. அன்று சாயந்திரமும் அதே குரல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு நாள் கழித்து அடுத்த காம்பராக்காரி என்னைப் பிடித்து, “மத்தியானம் என்னாத்துக்குக்கா அப்புடிக் காறிக்கிட்டு கெடந்தீங்க? புள்ளையத் தூங்க வைக்க முடியல” என்றாள். மத்தியானம் நான் மலையில் இருந்தேன். என் காம்பரா பூட்டிக் கிடந்தது. சாவி என் மடியில். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுவாள். அது என்ன சத்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கு நிறை பார்க்க மருத்துவிச்சி மாதம் ஒருமுறை லயத்துக்கு வருவார். அந்த மாதம் வந்தபோது பெண்கள் அவரிடம் பேய்க் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். “அப்ப நான் பேயப் பாக்காமப் போகமாட்டேன்” என்று என் வாசல் இஸ்தோப்புக்கே வந்துவிட்டார்.

நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு போய்விட்டது.

“எத்தன மாசமா இப்புடி?”

“ஏழு, எட்டு இருக்கும்.”

“கழுத்தக் காட்டுங்க. எச்சில முழுங்குங்க.”

முழுங்கினேன். கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கினார். குழி விழவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தார். நாடி பிடித்தார். பிடித்துக்கொண்டே நிறைய நேரம் இருந்தார்.

“தங்கச்சி, இது பேயி இல்ல. தைரொய்ட். கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு. அது வேல செய்யாம நின்னுருச்சு போல. நாளைக்கே பதுளைக்குப் போங்க. துண்டு எழுதித் தர்றேன்.”

“அப்ப சத்தம்?”

“அதுவும் அதுதான்.”

பின்னால் நின்ற அடுத்த காம்பராக்காரி, “சுரப்பி என்னாத்துக்கு அண்ணன் மாதிரி பேசுது?” என்று கேட்டாள். மருத்துவிச்சி துண்டை என் கையில் வைத்தார்.

பெரகல சந்தியில் இறங்கி பஸ் மாறி பதுளைக்குப் போனேன். பஸ் தெமோதரை வழியாகத்தான் போகும். மகள் இறங்குகிற இடத்தில் நின்றது. ஒருத்தி ஏறினாள், இருவர் இறங்கினார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிழமை, ஏழு நாள் கழித்து, முடிவுக்கு வரச் சொன்னார்கள். போனேன். டாக்டரம்மா சிங்களம். பக்கத்தில் இருந்த நேர்ஸ் மிஸ் தமிழ். டாக்டரம்மா கேட்டதை மிஸ் என்னிடம் கேட்டார்.

குளிருதா? ஆமா. நித்திரை கூடவா? ஆமா. மலச்சிக்கல்? ஆமா. மயிர் கொட்டுதா? ஆமா. மறதி? கை கால் மரத்துப்போகுதா? இல்லாத ஆளு பேசுற மாதிரிக் கேக்குதா?

ஒவ்வொன்றுக்கும் ஆமா என்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பது இருக்காது. என் வீட்டுக்காரரை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் செத்தவர் எனக்குள் என்னென்ன செய்கிறார் என்று வரிசையாகச் சொல்கிறார்.

கால் நரம்பில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் உடனே துடித்தது. ஆனால் திரும்பி வர நேரம் எடுத்தது. மெதுவாக, யாரோ பிடித்து இறக்குவது போல் இறங்கியது. டாக்டரம்மா அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

மிஸ் முடிவுத் தாளைக் காட்டினார்.

“கழுத்துல இருக்குற சுரப்பியில இருந்து ஒரு ஓர்மோன் வரும். ஒடம்பு சூடா இருக்குறது, நெஞ்சு அடிக்கிறது, மூளை வேல செய்யுறது எல்லாம் அதாலதான். அது கொறைஞ்சா எல்லாம் மெதுவாவும். தோலுக்குக் கீழ ஊதும். தொண்டக்குள்ள சத்தம் வர்ற எடமும் ஊதும். அதுதான் ஒங்க கொரல்.”

“இந்த நம்பர் கூடவா, கொறையவா?”

“கூட. நாலுக்குள்ள இருக்கணும். ஒங்களுக்கு நூறத் தாண்டிருச்சு.”

“கொறைஞ்சிருச்சுன்னு சொன்னீங்க.”

“அது வேற. இந்த நம்பர் மூளையில இருந்து கழுத்துக்குப் போற ஓடர், ‘வேல செய்யி’ன்னு. கழுத்து வேல செய்யலேன்னா மூளை கூடக்கூட ஓடர் போடும்.”

யோசித்துப் பார்த்தேன். “கங்காணி சத்தம் போடுற மாதிரிங்களா? கொழுந்து கொறையக் கொறைய சத்தம் கூடும்.”

மிஸ் சிரித்துவிட்டு டாக்டரம்மாவிடம் சிங்களத்தில் சொன்னார். அவரும் சிரித்தார். சரி என்பது போல் “ஹரி, ஹரி” என்றார்.

“மாத்திரையா அந்த ஓர்மோனத்தான் குடுக்குறோம். சுரப்பி செய்யாத வேலைய மாத்திரை செய்யும். மொதல்ல கொஞ்சமாத்தான் தருவோம். மெல்ல மெல்லத்தான் ஏத்தணும். ஒரேயடியா ஏத்துனா நெஞ்சு தாங்காது.”

“எவ்வளவு நாளைக்குங்க?”

“ஆயுசு பூரா.”

“கல்யாணமே அவ்வளவு நாள் இருக்கல” என்றேன். பக்கத்து வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன சொல்லாலா, குரலாலா தெரியாது.

காலையில் எழும்பியதும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஏழு கிழமை கழித்து மறுபடி ரத்தம். மிஸ் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்.

ஒரு நாளும் விடவில்லை. விடிய நாலரைக்கு எழும்புவேன். அடுப்புப் பற்றவைத்துத் தண்ணீர் கொதிக்க வைப்பேன். பால்மா போட்டு ஒரு கோப்பைத் தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணியில் மாத்திரையை முழுங்குவேன். டிஸ்பென்சரியில் ரத்தம் போதாது என்று கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையும் இருந்தது. மறந்துவிடும் என்று இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வேன். அப்புறம் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவேன். எட்டு மணிக்குத்தான் ரொட்டி.

எங்கள் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும் அது வெறும் வயிறுதான் என்பார்கள். தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது. விரதம் இருக்கிறவர்களும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் விரதம் இருப்பார்கள். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை யாரும் தொண்டையில் ஊற்றுவதில்லை.

ஒரு கிழமை போனது. மூன்று போனது. ஐந்து போனது. குரல் அப்படியே இருந்தது. இன்னும் இறங்கியது என்றுகூடச் சொன்னார்கள்.

“மாத்திரைக்கு எறங்குற பேயா அது?” என்றாள் அடுத்த காம்பராக்காரி. “ஆஸ்பத்திரிக்குப் போயும் போகலையாம்னு தெமோதரையில பேசிக்குறாங்களாம். ஒங்க சம்பந்தி காதுக்கும் போயிருச்சு.”

ஆறாவது கிழமை நானும் நம்பிவிட்டேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் காம்பராவில் தனியாக உட்கார்ந்து, சத்தமாகவே கேட்டேன். “எதுக்கு வந்தீங்க? என்னா வேணும் ஒங்களுக்கு?” கேட்ட குரலும் அவருடையதுதான். அவர் தன்னையே கேட்டுக்கொள்வது போல் இருந்தது. பதில் வரும் என்று நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். கூரைத் தகரம் வெயிலில் சடசடத்தது. அவ்வளவுதான்.

ஏழாவது கிழமை கிளினிக்குக்குப் போகாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கொப்பியில் தேதி போட்டிருந்தது, போனேன்.

நம்பர் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிஸ்ஸிடம் ஏதோ சொன்னார்.

“ஒழுங்காக் குடிக்கிறீங்களா?”

“ஒரு நாளும் விடல.”

“எதுல முழுங்குறீங்க?”

“தேத்தண்ணியில.”

மிஸ் பேனாவை வைத்துவிட்டார்.

“வெறும் வயித்துலன்னு சொன்னேன்ல?”

“வெறும் வயிறுதாங்க. ரொட்டி எட்டு மணிக்குத்தான் சாப்பிடுவேன்.”

மிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். இரும்பு மாத்திரையையும் அதோடு சேர்த்து முழுங்குவதைச் சொன்னேன். இன்னொரு முறை அடித்துக்கொண்டார். டாக்டரம்மாவுக்குச் சிங்களத்திலும் இருக்கும் ‘தே’ என்ற சொல் மட்டும் விளங்கிவிட்டது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“தேயிலையில பொறந்து தேயிலையில வளர்ந்தவங்க. ஒங்ககிட்ட தேத்தண்ணியத் தனியாச் சொல்லணும்னு எனக்குத் தோணல. என்மேல தப்பு” என்றார் மிஸ். “தேத்தண்ணி, பாலு, இரும்பு மாத்திரை. மூணும் இந்த மாத்திரைய வயித்துலயே புடிச்சு வச்சுக்கும். ரத்தத்துக்கு விடாது. ஏழு கிழமையா நீங்க மாத்திரைய ஒடம்புக்குக் காட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க, குடுக்கல. இனிமே பச்சத்தண்ணியில முழுங்குங்க. ஒரு மணித்தியாலம் கழிச்சுத் தேத்தண்ணி. இரும்பு மாத்திரை மத்தியானச் சோத்துக்குப் பொறகு.”

அப்புறம் கொப்பியில் எழுதிக்கொண்டே கேட்டார். “புள்ளைங்க இருக்கா?”

“ஒரு மக. முழுகாம இருக்கா, அஞ்சு மாசம்.”

எழுதுவதை நிறுத்திவிட்டு டாக்டரம்மாவிடம் சொன்னார். டாக்டரம்மா நாற்காலியில் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதில் பாதி எனக்கே விளங்கியது. மிஸ்ஸும் சொன்னார்.

“இது குடும்பத்துல வர்ற நோய். அவளுக்கும் ரத்தம் பாக்கணும். வயித்துப்புள்ளயோட மூளை வளர்றதுக்குத் தாயோட ஓர்மோன் வேணும். அவளுக்கு இல்லேன்னா புள்ளைக்கும் இல்ல. மருந்து இருக்கு, பயம் இல்ல. ஆனா இந்தக் கிழமையே பாக்கணும். சும்மா இருந்துறாதீங்க.”

டாக்டரம்மா ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மகளுக்குப் போன் எடுத்தேன். என் நம்பரை அடைத்து வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு எடுத்தேன். “ஹலோ” என்றதும் வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஏறினேன். தெமோதரையில் இறங்கினேன்.

அவர்கள் லயத்துக்கு அரை மணி நேர ஏற்றம். எனக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. நாலு எட்டு வைப்பேன், நிற்பேன். நாலு மணிக்கே மூட்டம் இறங்கிவிட்டது. வழியில் கொழுந்துக் கூடையோடு வந்தவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். அவருடைய கோட்டு, ஊதின முகம், தலையில் பாதி மயிர் இல்லை. நான் பார்த்தாலும் ஒதுங்கியிருப்பேன்.

சம்பந்தியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழும்பிக் கதவை மறித்து நின்றார்.

“வராதீங்கன்னு சொன்னேன்ல? இங்க வயித்துப்புள்ளக்காரி இருக்கா. போயிருங்க.”

“அவளுக்கு ரத்தம் சோதிக்கணும். துண்டு குடுத்திருக்காங்க. பாருங்க.”

“ஐயோ, அந்தக் கொரலு! போங்க நீங்க. ஒங்க துண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். கையில என்னா மந்திரிச்சுக் கொண்டாந்தீங்களோ.”

துண்டை வாங்கவில்லை. கதவுக்குப் பின்னால் மகள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் தாய். தாய் சொல்வதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. தாய்க்குப் பயப்படவும் ஆள் இல்லை. ஆனால் அவருக்குப் பயந்தார்கள்.

அப்போதுதான் அதைச் செய்தேன். தெரிந்தே செய்தேன். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, அவர் நிற்பது போல் ஒரு காலை மடித்து நின்றேன். அவர் காறுவது போல் காறினேன்.

“என்னா சம்பந்தி, வாசல்லயே நிப்பாட்டுறீங்க?” என்றேன்.

அவர் அங்கே வந்தால் அப்படித்தான் கேட்பார். சுளகு கீழே விழுந்தது.

“எம் பேரப்புள்ள அது. நாளைக்கு விடிய பதுளைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ரத்தம் பாருங்க. பாக்கலேன்னா நான் போகமாட்டேன். இங்கயேதான் நிப்பேன். கேட்டுச்சா?”

சம்பந்தியம்மா அரிசிக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். “போறோண்ணே. நாளைக்கே போறோம். புள்ளைய ஒண்ணும் செஞ்சுறாதீங்க” என்றார். துண்டைப் படியில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்தேன். கதவு மூடிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இறங்கியது எப்படி என்று சரியாக ஞாபகம் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததுதான் அடுத்த ஞாபகம்.

அவர்கள் போனார்கள். மறுநாள் விடிய ஒரு வாகனம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவளுக்கும் நம்பர் கூடத்தான் இருந்தது. என்னளவு இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். மாதா மாதம் ரத்தம் பார்த்து ஏற்றினார்கள்.

நான் பச்சைத் தண்ணீரில் முழுங்க ஆரம்பித்தேன். முழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் தேத்தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு மாத்திரையை விடக் கஷ்டம். மூன்றாம் கிழமை கோட்டைக் கழற்றினேன். முகம் வற்றியது. குரல் கடைசியாகத்தான் போனது. அதுவும் ஒரே நாளில் இல்லை. ஒரு சொல் என்னுடையதாக வரும், அடுத்த சொல் அவருடையதாக வரும். ஒரு நாள் பீலியடியில் பேசிக்கொண்டிருந்தபோது அடுத்த காம்பராக்காரி, “அக்கா, அண்ணன் போயிட்டாரு” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

ஏழாம் மாதம் சம்பந்தியம்மாவே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாத்திரையை எப்படி முழுங்க வேண்டும் என்று தெரிந்த ஆளிடம் இருக்கட்டும் என்று மருத்துவிச்சி சொன்னாராம். என்னிடம் நேராகப் பார்த்துப் பேசவில்லை. போகும்போது சாமி விளக்குப் பக்கம் திரும்பி, “நீங்க சொன்னதச் செஞ்சுட்டோம்” என்றார். எனக்குச் சொல்லவில்லை.

பதுளையில் பிள்ளை பிறந்தது. பெண். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

பதினைந்தாம் நாள் மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் காயம் அரைத்துக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு அங்க வந்தது நீதானம்மா?” என்று கேட்டாள்.

“நான்தான். சும்மா அவரு மாதிரிப் பேசுனேன். ஒங்க மாமி துண்ட வாங்கல. வேற என்னா செய்யுறது?”

“அது தெரியும். கதவு இடுக்குல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீதான்னு தெரிஞ்சுச்சு. மொதல்ல எனக்குப் பயமே இல்ல.” பிள்ளையின் வாயைத் துடைத்தாள். “அப்புறம் எறங்கிப் போகையில திரும்பிப் பாத்து, ‘ஏ கழுத, குளிருக்குள்ள நிக்காத, உள்ள போ’ன்னு சொன்னியே. அப்பத்தான் அழுதுட்டேன்.”

அம்மியில் கை நின்றது.

கழுதை என்று அவளைக் கூப்பிட்டது அவர் மட்டும்தான். செல்லமாக இருந்தாலும் ஏச்சாக இருந்தாலும் அதுதான். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை. அன்று சொன்னது ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் சொன்னேன். துண்டின்மேல் கல்லை வைத்தது ஞாபகம் இருக்கிறது. கதவு மூடியது ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் பார்த்தது ஞாபகம் இல்லை. மறதியும் இந்த நோயில் சேர்ந்தது என்று மிஸ் சொல்லியிருக்கிறார். நம்பர் அவ்வளவு கூட இருந்தால் நிறைய மறக்குமாம்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் மடியில்.

“ஆமா, சொன்னேன்” என்றேன்.

நம்பினாளா என்று தெரியவில்லை. பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நான் காயத்தை வழித்தெடுத்து அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.